மலையில் சின்ன விமானம் ஓட்டும் வேலை: எங்கே, எப்படி, எதை முதலில்

சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கிவிட்டு ஏர்பஸ் வேலைக்கு வரிசையில் நிற்கிற தம்பி தங்கைகள் அடிக்கடி ஒன்றைக் கேட்பார்கள். "அண்ணா, பப்புவா பக்கம் மலை நடுவில் காரவான் என்ற சின்ன விமானத்தை ஓட்டுகிறார்களே, அந்த வேலைக்கு எப்படிப் போவது? எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்?" மணி நேரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த வேலைக்கு எந்தப் பள்ளியும் சான்றிதழ் தந்து உங்களைத் தயார் செய்து அனுப்பாது. குறிப்பிட்ட சில ஊர்களில், குறிப்பிட்ட நாலைந்து வகை விமானங்களின் வலது சீட்டில், அதாவது கோ-பைலட் இடத்தில், உட்கார்ந்துதான் இதைக் கற்க முடியும். ஆக, நீங்கள் செலவழிக்கும் பணமும் வருடமும் அந்த வலது சீட்டை நோக்கியே போக வேண்டும். அதற்கு உதவாத ரேட்டிங் (கூடுதல் தகுதிச் சான்று), கோர்ஸ் எல்லாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

நான் அதிகம் பேசப்போவது நியூ கினித் தீவைப் பற்றி. தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவின் பப்புவா, கிழக்குப் பாதி பப்புவா நியூ கினி என்ற தனி நாடு. நேபாளம், அலாஸ்கா எல்லாம் இடையிடையே வரும்.

வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வாமேனா என்று ஓர் ஊர். பப்புவாவின் பாலியெம் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. அரிசி, சிமென்ட், டீசல், கூரைத் தகரம், முட்டை என்று அந்த ஊருக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஜெயபுராவை அடுத்த செந்தானியிலிருந்து விமானத்தில்தான் வந்து இறங்குகிறது. அங்கிருந்து இன்னும் உள்ளே, சாலையே போகாத கிராமங்களுக்குச் சின்ன விமானங்கள் போகின்றன.

விடிகிற நேரத்தில் தராசு முன்னால் ஒரு கூட்டம் நிற்கும். ஆளை நிறுத்துப் பார்ப்பார்கள், அவர் முதுகில் நெற்றிப் பட்டையோடு தொங்கும் நோக்கென் என்ற பின்னல் பையையும் சேர்த்துத்தான். உள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கலாம், குழந்தையும் இருக்கலாம். காலைக் கட்டிய பன்றி ஒன்று மூட்டைகளோடு ஏறும். ஒவ்வொரு கிலோவையும் எழுதிக் கூட்டி, எது முன்னால், எது பின்னால் என்று பார்த்து, வலை போட்டுப் பட்டையை இறுக்கிவிட்டுத்தான் நீங்கள் சீட்டில் ஏறுவீர்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றில் எரிபொருள் மட்டும் 160 கிலோ, டிரம்மின் எடை தனி. காரவான் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அதே அளவு குடிக்கும். அதனால் கூடுதலாக ஒரு டிரம் ஏற்றுவதா, இரண்டு பயணிகளை ஏற்றுவதா என்ற கணக்கு தினமும் வரும். பறப்பது கால் மணி, இருபது நிமிடம். இறங்கி, இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்ப வேண்டும். பகல் ஏற ஏற மேகம் மலையிடை வழிகளை மூடிக்கொண்டு வரும், பள்ளத்தாக்கில் காற்று எழும், அதோடு அன்றைய வேலை முடிந்துவிடும்.

யூனிஃபார்ம் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம், தப்பே இல்லை.

எந்த நாடு உங்களை எடுக்கும்

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, ஆனால் பாதி முடிவு இதிலேயே ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் உங்கள் பறக்கும் திறமையைவிட முன்னால் நிற்கும்.

நேபாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் பக்கத்து லுக்லா விமான நிலையம் எல்லோருக்கும் தெரியும்: 9,300 அடிக்கு மேல் உயரம், 527 மீட்டர் ஓடுபாதை, கிட்டத்தட்ட 12 சதவீதச் சரிவு. ஆனால் அங்கே போகும் ட்வின் ஓட்டர், டோர்னியர், லெட் விமானங்களின் சீட்டுகள் பெரும்பாலும் நேபாளிகளுக்கே போகின்றன. அவர்களிலும் லுக்லாவுக்குக் கேப்டனாகப் போக, குட்டை ஓடுபாதைகளில் 100 முறையாவது பறந்திருக்க வேண்டும், நேபாளத்தில் ஒரு வருட அனுபவம் வேண்டும், பயிற்சியாளரோடு லுக்லாவிலேயே பத்து முறை இறங்கியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேராகப் போய் அங்கே உட்காரலாம் என்று கனவு காண வேண்டாம்.

அலாஸ்கா, அமெரிக்காவில் வேலை செய்ய உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். அங்கே வாடகை விமானத்தில் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியின் கீழ் கேப்டனாக 500 மணி நேரமும், கருவிகளை நம்பிப் பறக்கும் விதியின் கீழ் 1,200 மணி நேரமும் வேண்டும். க்ரீன் கார்டு இருந்தால் நல்ல இடம், இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

இந்தோனேசியப் பப்புவாவில் காரவானும் பிலாட்டஸ் போர்ட்டரும் ஓட்டும் சூசி ஏர் பல வருடங்களாக வெளிநாட்டு விமானிகளை எடுத்து வந்த நிறுவனம். மீன் வியாபாரம் செய்த சூசி புஜியஸ்துத்தி என்ற அம்மா இறால், லாப்ஸ்டரைச் சீக்கிரம் சந்தைக்கு அனுப்ப விமானம் வாங்கப்போய், 2004 சுனாமியில் ஆச்சே பகுதிக்கு நிவாரணம் கொண்டுபோனதிலிருந்து அது தனி விமான நிறுவனமாக வளர்ந்தது. பிறகு அவர் அந்நாட்டு மீன்வளத் துறை அமைச்சராகவும் இருந்தார். உள்ளூர் விமானிகளுக்கு முன்னுரிமை என்ற பேச்சு அங்கேயும் உண்டு, அதனால் கதவு ஒரு வருடம் திறக்கும், ஒரு வருடம் மூடும். கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பப்புவா நியூ கினியில் ஆங்கிலம் அலுவல் மொழி, அது நமக்குச் சாதகம். ட்ராபிக்ஏர் மாதிரி வணிக நிறுவனங்கள் உண்டு. மவுண்ட் ஹேகனில் மாஃப் என்று எல்லோரும் சொல்லும் மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப்பும், ஐயுராவில் எஸ்ஐஎல் ஏவியேஷனும் இருக்கின்றன. இந்தக் கடைசி இரண்டும் கிறிஸ்தவ ஊழிய அமைப்புகள், அந்த விசுவாசம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் மட்டும் போங்கள். சபையிலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் உங்கள் மாதச் செலவுக்கான ஆதரவை நீங்களே திரட்ட வேண்டியிருக்கும். மணி நேரம் சேர்ப்பதற்காக விசுவாசி வேஷம் போடுவது நேர்காணலின் முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, விமானியாகவும் மெக்கானிக்காகவும் இருப்பவர்களுக்கு இந்த அமைப்புகளில் தனி மதிப்பு. விமானப் பராமரிப்புப் படிப்பு ஏற்கெனவே முடித்திருந்தால் அதை ஒளிக்காமல் முதல் வரியிலேயே போடுங்கள்.

நம் நாட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் இந்தியாவிலேயே கட்டிய டோர்னியர் 228ஐ திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு ஓட்டத் தொடங்கியது. இந்தியாஒன் ஏர் ஒடிசாவில் காரவான் ஓட்டுகிறது, அது போகும் ஊர்களில் கோராபுட் மலைப் பக்கத்து ஜெய்ப்பூரும் ஒன்று. (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை, இது வேறு.) இங்கே கிடைக்கும் காரவான் மணி நேரம் பப்புவாவில் பேசும். என்னைக் கேட்டால், இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான், விசா தொல்லை இல்லை.

காகிதங்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பயிற்சிப் பள்ளியும் இதைத்தான் முதலில் சொல்லும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மெடிக்கல், டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஆணையம்) தேர்வுகள், ரேடியோ லைசென்ஸ், 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக (விமானத்தின் பொறுப்பு விமானியாக). ஐம்பது லட்சத்தைத் தாண்டும் செலவு. மெடிக்கலை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், ஃபீஸ் கட்டிய பிறகு கண்ணிலோ இதயத்திலோ ஒன்று தெரியவந்தால் பள்ளி பணத்தைத் திருப்பித் தராது.

வெளிநாட்டு வேலைக்கு மூன்று விஷயங்கள் கூடுதல். ஆங்கிலத் தகுதி குறைந்தது நான்காம் நிலை, முடிந்தால் ஐந்து அல்லது ஆறு. கருவி ரேட்டிங் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். லாக்புக் (பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு) சுத்தமாக, ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தோடு இருக்க வேண்டும். உங்கள் இந்திய லைசென்ஸை அந்த நாட்டு ஆணையம் சரிபார்க்க டிஜிசிஏவுக்குக் கடிதம் எழுதும், பதில் போக வாரக்கணக்கில் ஆகலாம். அந்தக் காத்திருப்பை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

200 மணி நேரத்துக்கும் 500க்கும் நடுவில்

இதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். 200 மணி நேரக்காரரை மலையில் கேப்டனாக யாரும் வைக்கமாட்டார்கள், வலது சீட்டுக்கே பல நிறுவனங்கள் அதைவிட அதிகம் கேட்கும். அந்த எண்ணைப் பல சமயம் தலைமை விமானி முடிவு செய்வதில்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவு செய்கிறது. அதனால் "சார், நான் நன்றாக ஓட்டுவேன், ஒரு வாய்ப்பு கொடுங்கள்" என்று கெஞ்சிப் பயனில்லை. அவருக்குப் பிடித்திருந்தாலும் பாலிசி விடாது.

மணி நேரம் சேர்க்க மிக நேர்மையான வழி பயிற்சியாளர் ஆவது. மாணவர் பண்ணும் கோணங்கித்தனங்களை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகினால், விமானம் வழுக்கப்போவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே இடுப்பு சொல்லிவிடும். அடுத்தது ஆப்பிரிக்கா: போட்ஸ்வானாவின் மாவுன், தான்சானியா, கென்யாவின் வில்சன் விமான நிலையம். அங்கே சஃபாரிப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மண் ஓடுபாதைகளில் இறங்கும் வேலைகள் உண்டு. மாவுன் சமவெளிதான், மலை இல்லை, ஆனால் காரவான், மண் தரை, சுமைக் கணக்கு, ஒரு நாளைக்குப் பல முறை ஏறி இறங்குவது எல்லாம் அங்கே பழகிவிடும். வேலை கேட்க நேரில் போய் நிற்பது அங்கே வழக்கம். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காசு கொடுத்து வலது சீட் வாங்குவது. "இத்தனை லட்சம் கட்டுங்கள், இத்தனை மணி நேரம் காரவானில் உட்கார வைக்கிறோம்" என்று வரும். அந்த மணி நேரத்தை லாக்புக்கில் எழுதவே முடியாமல் போகலாம். காரணம் இருக்கிறது. காரவான் ஒரே விமானியோடு பறக்கச் சான்றிதழ் பெற்ற விமானம். அந்த நாட்டு விதியோ நிறுவனத்தின் இயக்கக் கையேடோ இரண்டு விமானிகள் கட்டாயம் என்று சொன்னால்தான் வலது சீட் நேரம் கோ-பைலட் நேரமாகக் கணக்கில் வரும், இல்லையென்றால் பிறகு ஏர்லைனுக்குப் போகும்போது அந்தப் பக்கங்களை அடித்துவிடுவார்கள். நேர்மையான நிறுவனத்தில் சேர்ந்தாலும் இதை முதல் வாரமே கேட்டு, கையேட்டில் எந்தப் பத்தி அப்படிச் சொல்கிறது என்று குறித்துக்கொண்டு, முடிந்தால் கடிதமாகவும் வாங்கி வையுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

மலையைப் படிப்பது

பணம் இருந்தால் நியூசிலாந்தில் ஒரு மலைப் பயிற்சி எடுங்கள். குவீன்ஸ்டவுன் பக்கம், மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் வழிகளில் மலையும் மேகமும் காற்றும் மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும். பணம் இல்லையென்றாலும் கணக்கை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், நேர்காணலில் கேட்பதும் அதைத்தான்.

முதல் கணக்கு, அடர்த்தி உயரம், அதாவது காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம். வாமேனாவில் வெயில் ஏறி 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 அடியில் தரநிலை வெப்பம் 5 டிகிரி, ஆக 20 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று போட்டால் 2,400 அடி கூடும். நீங்கள் நிற்பது 5,000 அடியில், விமானத்துக்கு அது 7,400 அடி. இறக்கை அவ்வளவு மெல்லிய காற்றில்தான் வேலை செய்யும், எஞ்சினும் அப்படியே. வேகமானி காட்டும் எண் கடற்கரையில் பார்த்த அதே எண்தான், ஆனால் தரையில் நீங்கள் அதைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள், நிற்கத் தேவையான தூரம் அதைவிட வேகமாகக் கூடும். இந்தக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, திரும்பும் வட்டம். பள்ளத்தாக்கில் முன்னால் மேகம் மூடிவிட்டது, திரும்ப வேண்டும், இடம் இருக்கிறதா? 45 டிகிரி சாய்வில், உண்மை வேகம் 100 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 540 மீட்டர். 80 நாட் என்றால் 350 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 150 நாட்டில் போய்க்கொண்டிருந்தால் 1,200 மீட்டருக்கு மேல். வேகம் இரட்டிப்பானால் வட்டம் நான்கு மடங்காகும், ஆகவே குறுகலான பள்ளத்தாக்கில் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஃப்ளாப்பை (இறக்கையின் பின் விளிம்புத் தகடு) கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் பறக்கவும் மாட்டார்கள். ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால் திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும், நடுவில் போனால் பாதிதான் கிடைக்கும். மேட்டைக் கடக்கும்போது நேராக மோதுகிற மாதிரி போகாமல் 45 டிகிரி கோணத்தில் அணுகுவதும் இதே காரணத்துக்குத்தான், கீழ்நோக்கி இழுக்கும் காற்றில் சிக்கினால் சின்னத் திருப்பத்தில் வெளியே வந்துவிடலாம்.

மூன்றாவது, சரிவான ஓடுபாதையின் கண்கட்டு வித்தை. மலைக் கிராமத்து ஓடுபாதைகளில் பெரும்பாலும் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஏற வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும். மேல்நோக்கிச் சரிந்த பாதை கண்ணுக்கு நாம் அதிக உயரத்தில் இருப்பது போலக் காட்டும், சரி செய்கிறேன் என்று கீழே இறக்கினால் பாதையின் தொடக்கத்துக்கு முன்னாலேயே மண்ணில் முட்டும். பாதையின் கடைசியில் மலைச் சுவர் நிற்கும். ஒரு புள்ளிக்கு மேல் வந்துவிட்டால் சுற்றிப் போக இடமில்லை, இறங்கியே ஆக வேண்டும். அந்தப் புள்ளி ஒவ்வொரு பாதைக்கும் எங்கே என்று பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும்: அந்த அருவி, இந்தச் சர்ச்சின் தகரக் கூரை, ஆற்றின் வளைவு. அதற்கு முன்னால் வேகம், உயரம், காற்று, பாதையில் ஆடு மாடு பிள்ளைகள் என்று எதில் சந்தேகம் வந்தாலும் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

விண்ணப்பம்

ஒரே பக்கம். மொத்த மணி நேரம், கமாண்ட் நேரம், டர்பைன் எஞ்சின் விமான நேரம், வால் சக்கர விமான நேரம் இருந்தால் அது, கடைசி 90 நாளில் பறந்தது, எந்த நாட்டு பாஸ்போர்ட், எப்போது வர முடியும். உங்கள் உடல் எடையையும் போடுங்கள், சிரிக்காதீர்கள், ஒவ்வொரு கிலோவும் விற்கப்படும் இடத்தில் அது நியாயமான தகவல். பெரிய புகைப்படம், "சிறுவயது முதலே வானம் என் கனவு" மாதிரி பத்திகள் வேண்டாம்.

மனிதவளத் துறை முகவரிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சின்ன நிறுவனங்களில் தலைமை விமானிதான் முடிவு செய்கிறார், அவருக்குச் சுருக்கமாக எழுதுங்கள், சில மாதங்களுக்கு ஒரு முறை புதிய மணி நேரத்தோடு மறுபடியும் எழுதுங்கள். பெரிய ஏர்லைன்கள் ஆள் எடுக்கும் வருடங்களில் இங்கிருந்து பலர் அங்கே போவார்கள், சீட் காலியாகும். அந்த நேரத்தில் அவர் மேஜையில் உங்கள் கடைசிக் கடிதம் பழையதாக இருக்கக் கூடாது. போகும் நாட்டு மொழியில் கொஞ்சம் பேசத் தெரிந்தால் நல்லது. இந்தோனேசிய மொழி ரோமன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது, வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது, சில மாதங்களில் சுமை, எடை, மழை, ஓடுபாதை ஈரம் பற்றிப் பேசுகிற அளவுக்கு வந்துவிடலாம். ரேடியோவில் கிராமத்து ஆளிடம் வானிலை கேட்க அதுதான் வழி.

நேர்காணலும் செக் ரைடும்

மேலே சொன்ன கணக்குகளைக் கேட்பார்கள். பிறகு ஒரு சூழ்நிலையைச் சொல்வார்கள்: கிராமத்தில் பிரசவத்தில் சிக்கல், கணவர் அழுகிறார், மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, போவீர்களா? "உயிரைக் காப்பாற்றப் போவேன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களை அவர்கள் எடுப்பதில்லை. நோயாளியைப் பற்றிய தகவல் விமானியின் வானிலை முடிவை மாற்றக் கூடாது, பல இடங்களில் அந்த விவரத்தையே விமானியிடம் சொல்லாமல் "ஒரு பயணம் இருக்கிறது, வானிலை இடம் கொடுக்கிறதா" என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் எதைப் பார்ப்பீர்கள், எந்த இடத்தில் திரும்புவீர்கள், திரும்பினால் எங்கே போவீர்கள், அதற்கு எரிபொருள் இருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

செக் ரைடில், அதாவது உங்களைப் பறக்க வைத்துப் பார்க்கும் தேர்வில், நளினமான தரையிறக்கத்தை யாரும் தேடவில்லை. சொன்ன இடத்தில், சொன்ன வேகத்தில், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி இறக்குகிறீர்களா என்று பார்ப்பார்கள். ஐந்து நாட் கூடுதல் வேகத்தைப் பாதுகாப்பு என்று நினைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நீண்ட ஓடுபாதையில் பயின்ற நம் எல்லோருக்கும் உண்டு. குட்டைப் பாதையில் அது பாதையைத் தின்றுவிடும். உங்கள் ஊர்ப் பயிற்சி விமானத்திலேயே, பாதையில் ஒரு கோட்டைக் குறி வைத்து அதிலேயே சக்கரத்தை வைக்கப் பழகுங்கள்.

சேர்ந்த பிறகு

முதலில் கடலோர ஊர்களின் நீளமான தார்ப் பாதைகள். பிறகு பயிற்சிக் கேப்டனோடு மலைப் பாதைகள், ஒவ்வொன்றாக. ஒரு பாதைக்கு அனுமதி வாங்கினால் அந்தப் பாதைக்கு மட்டும்தான், பக்கத்துப் பாதைக்கு மறுபடியும் முதலிலிருந்து. உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, பாதை வாரியாக நீளம், சரிவு, உயரம், மழை பெய்தால் எந்த மூலை சேறாகும், எத்தனை மணிக்குக் காற்று திரும்பும், திரும்பும் புள்ளி எது என்று கையால் வரைந்து வையுங்கள்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். இந்த விமானங்களுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் வசதி கிடையாது. 10,000 அடிக்கு மேல் நீண்ட நேரம் போனால் ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள், தலைவலி வந்த பிறகு தேடாதீர்கள். கடலோர ஊர்களில் மலேரியா சாதாரணம். தடுப்பு மாத்திரை வாங்கும்போது மருத்துவரிடம் நீங்கள் விமானி என்று சொல்லுங்கள், மெஃப்ளோகுயின் விமானிகளுக்கு ஆகாது.

ஆபத்து

வீட்டில் கேட்பார்கள், மழுப்பாமல் சொல்லுங்கள். 2009 ஆகஸ்டில் பப்புவா நியூ கினியின் கொக்கோடா அருகே ஒரு ட்வின் ஓட்டர் மலையில் மோதி 13 பேர் இறந்தார்கள். நேபாளத்தில் பொக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குப் போகும் ஒரே வழியில் 2016இல் 23 பேர், 2022இல் 22 பேர். இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: நல்ல நிலையில் இருந்த விமானம், மேகத்துக்குள், மலை. எஞ்சின் நிற்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது "இன்னும் கொஞ்சம் போனால் தெளிந்துவிடும்" என்ற நினைப்புக்கு.

பப்புவாவில் மனிதர்களாலும் ஆபத்து உண்டு. 2023 பிப்ரவரியில் நிடுகா பகுதியின் பாரோ ஓடுபாதையில் இறங்கிய போர்ட்டர் விமானத்தை ஆயுதக் குழு எரித்தது. அதை ஓட்டிய நியூசிலாந்துக்காரரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் 2024 செப்டம்பரில்தான் விட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மிமிகா மாவட்டத்தில் இன்னொரு நியூசிலாந்து விமானி, ஹெலிகாப்டர் ஓட்டியவர், சுட்டுக் கொல்லப்பட்டார். எந்த ஓடுபாதை இந்த வாரம் மூடியிருக்கிறது என்று நிறுவனம் எப்படி முடிவு செய்கிறது, விமானி மறுத்தால் என்ன ஆகும் என்பதை நேர்காணலில் நீங்கள் கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில் சேராதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளம் ஏர்லைன் அளவுக்கு வராது. தங்குமிடம், சாப்பாடு, வீட்டுக்கு டிக்கெட், விடுமுறைச் சுழற்சி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சம்பளம் மாதச் சம்பளமா, பறந்த நேரத்துக்கா என்பது முக்கியம், நேரத்துக்குக் காசு என்றால் மேகம் மூடிய நாளில் உங்கள் பர்ஸும் வானிலை முடிவில் கலந்துகொள்ளும். விமான வகைப் பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்தால் பாண்ட் (சொன்ன காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கேட்பது நியாயம்தான். ஆனால் மாதம் ஆக ஆகத் தொகை குறைகிறதா, மெடிக்கல் போனாலோ நிறுவனமே மூடினாலோ யார் கட்டுவது, ஒரிஜினல் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் அவர்கள் வைத்துக்கொள்வார்களா என்று பாருங்கள். ஒரிஜினலை எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். வேலை விசா அச்சாகிக் கைக்கு வரும் முன்பு "சும்மா ஒரு ட்ரிப்" என்று கூப்பிட்டாலும் சீட்டில் உட்காராதீர்கள், அப்படிப் பறந்த நேரத்தில் ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது. ஆயுள், விபத்து, மெடிக்கல் இழப்பு, அவசர மருத்துவ வெளியேற்றம் நான்கும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று படியுங்கள், போர், ஆயுதக் குழு, கடத்தல் என்ற சொற்கள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றனவா என்று கடைசிப் பக்கத்தில் தேடுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் அந்தப் பகுதிகளுக்குப் போகமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.